மதம் மாறிய பின் மனம் மாறிய ரமாபாய்

மும்பையில் இருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரெயில்கள் புனேயைத் தாண்டியதும், தவுண்ட் வருவதற்கு முன்னால் கேட்காவ் என்ற சிறு ஸ்டேஷனைக் கடக்கின்றன. ஊருக்குப் போகிற தமிழர்கள் அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருப்பார்கள். பஞ்சத்தில் சாகக் கிடந்த சுமார் 2 ஆயிரம் பெண்களுக்கு ஒரு காலத்தில் சோறு போட்ட ஊர் அது. சோறு போட்டவர், தாமும் பஞ்சத்தில் சாகக் கிடந்து பிழைத்தவர். அவர்தான் பண்டித ரமாபாய்.

ரமாபாய் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, கன்னட நாட்டு மலைக்காட்டில் ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே. பெண்களுக்கு வேதமொழி ஆகாது என்றிருந்த காலத்தில், மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தவர் அவர். மனைவி லட்சுமிபாய், தான் கற்றதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் கோவில் கோவிலாகப் போய்ப் புராணம் படித்து, கிடைக்கிற காணிக்கையில் வாழ்ந்தது.

சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சம், இந்தக் குடும்பத்தையும் பிடித்தது. இலைதழையும் தண்ணீருமாகக் காட்டில் 11 நாள் கிடந்தார்கள். 1874-ல் தந்தை போனார். பிறகு தாய் போனார். மூத்த சகோதரியும் போனார். தாயின் பாடையைத் தூக்க நான்கு பேர் சேரவில்லை. இரக்கப்பட்ட இருவர் வந்தனர். அண்ணன் சீனிவாசன் மூன்றாவது ஆள். நான்காவது, மகள் ரமா. குள்ளமான பெண் ஆனதால் தோளில் எட்டவில்லை. தலையில் வைத்துச் சுமந்தார்.

அண்ணனும் தங்கையும் வடக்கே நடந்தனர். ஜீலம் நதிக்கரைக் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணி இல்லாமல், மணலில் குழி தோண்டிக் கழுத்து வரை மூடிக்கொண்டு தூங்கினார்கள். எல்லா விரதமும் இருந்தாயிற்று, எல்லாத் தீர்த்தத்திலும் குளித்தாயிற்று. தெய்வம் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கேள்வி அப்போதுதான் அவர் மனதில் விழுந்தது.

1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு பண்டிதர்களே அசந்து போய், "பண்டிதை", "சரஸ்வதி" என்று பட்டம் கொடுத்தனர். 1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு, வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வக்கீல் விபின் பிகாரியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1882 பிப்ரவரியில் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்ற பெண் குழந்தை. ரமாபாய்க்கு வயது 23.

புனேக்கு வந்து பெண்கள் சங்கம் தொடங்கினார். 1883-ல் படிப்பதற்காக இங்கிலாந்து போனார். அங்கே லண்டனில் புல்ஹாம் என்ற இடத்தில், கன்னிகாஸ்திரீகள் நடத்திய ஒரு இல்லத்தைக் கண்டார். ஊர் கெட்டவள் என்று ஒதுக்கிய பெண்கள் அங்கே திருந்தி வாழ்ந்ததோடு, நோயாளிகளுக்குப் பணிவிடையும் செய்துகொண்டிருந்தனர். விழுந்தவளைத் தூக்கி நிறுத்துகிற தர்மம் எதையும் தாம் படித்த சாஸ்திரத்தில் அவர் கண்டதில்லை. காரணம் கேட்டார். சமாரியப் பெண்ணிடம் ஏசுநாதர் பேசிய கதையைச் சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

மகாராஷ்டிரம் கொதித்தது. பத்திரிகைகள் திட்டின. ஜோதிபா பூலே மட்டும் துணிந்து அவர் பக்கம் எழுதினார்.

கதை இதோடு முடிந்திருந்தால், மதம் மாறியவர் பட்டியலில் இன்னும் ஒரு பெயர் என்று போயிருக்கும். ரமாபாயே பின்னாளில், அந்த ஞானஸ்நானம் பாதி வழிதான் என்று எழுதி வைத்தார். கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்றுக்கொண்டாரே தவிர, கிறிஸ்துவைக் கண்டுகொள்ளவில்லை என்பது அவரது கணக்கு.

அமெரிக்கா போய் விதவைகளின் நிலையைப் பற்றிப் புத்தகம் எழுதி, பணம் திரட்டி, 1889 மார்ச் 11-ந் தேதி நம் பம்பாய் சவுபாத்தியில் சாரதா சதனம் என்ற விதவைப் பள்ளியைத் திறந்தார். முதலில் சேர்ந்த விதவைப் பெண் கோதுபாய், பின்னாளில் கார்வேயின் மனைவியானார். அடுத்த ஆண்டே சதனம் புனேக்கு மாறியது. பேரும் புகழும் வந்தன. ஆனாலும் உள்ளே ஒரு வறட்சி. தினமும் ஜெபம் செய்தார், பைபிள் படித்தார், மனதில் அமைதி இல்லை.

அப்போது ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் சுயசரிதை கையில் கிடைத்தது. பாதிரியாராகப் பல நாள் பிரசங்கம் செய்த பிறகே, பிரசங்க மேடையில் நிற்கும்போது மனம் மாறியவர் அவர். பாதிரியாருக்கே இந்தக் கதி என்றால் தாம் எம்மாத்திரம் என்று ரமாபாய் தம்மையே சோதித்துப் பார்த்தார். இத்தனை காலமும் நல்லவளாக இருக்கத் தாமே பாடுபட்டதைக் கண்டார். 1891 வாக்கில், பாடுபடுவதை விட்டுத் தம்மை அப்படியே ஒப்படைத்தார். பைபிள் பேசுகிற மறுபிறப்பு அதுதான். பழைய மனிதன் மேலே பூசுகிற வெள்ளை அல்ல, உள்ளே பிறக்கிற புதிய சுபாவம்.

அதற்காக அவர் வேறு ஆளாகிவிடவில்லை. பிடிவாதம் அப்படியே இருந்தது. கடைசி வரை மாமிசம் தொடவில்லை. விதவையின் வெள்ளைப் புடவையைக் களையவில்லை.

விலை கொடுக்க வேண்டி வந்தது. அவர் அறைக்கதவைத் திறந்து வைத்து ஜெபிக்கும்போது, சில மாணவிகள் வந்து உட்கார்ந்தார்கள். புனே கொந்தளித்தது. 1893-ல் ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்து விலகினர். பலர் தங்கள் பெண்களை அழைத்துப் போய்விட்டனர். மத நடுநிலை என்ற வாக்கை நம்பி உதவியவர்கள் அவர்கள்; அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ரமாபாய் கதவை மூட மறுத்துவிட்டார்.

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்று செய்தி வந்தது. பஞ்சம் என்ற சொல்லே அவருக்குப் பழைய புண். போவதற்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனார். கஞ்சித் தொட்டிகளைச் சுற்றி எலும்பும் தோலுமான சிறுமிகள்; அவர்களைத் தள்ளிக்கொண்டு போகக் காத்திருந்த தரகர்கள். சுமார் 300 பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். புனேயில் பிளேக் பரவியதால் அங்கே தங்க வைக்க வழியில்லை. கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த 100 ஏக்கர் தோட்டத்தில் கூடாரம் போட்டார். அதுவே முக்தி சதனம். 1900-ம் ஆண்டுப் பஞ்சத்தோடு எண்ணிக்கை 2 ஆயிரத்தைத் தொட்டது.

ஒரு காலத்தில் தாயின் பாடையைத் தலையில் சுமந்த அதே பெண், முன்பின் தெரியாத சாதிச் சிறுமிகளுக்குப் புண் கழுவிக் கஞ்சி ஊற்றினார். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், அச்சுக் கோர்த்தல் என்று தொழில் பழக்கினார். கெட்டவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்று தனி இல்லம். புல்ஹாமில் பார்த்தது மராத்தி மண்ணில் முளைத்தது.

1905 ஜூன் மாதம் முக்தியில் நூற்றுக்கணக்கான பெண்கள் ராப்பகலாக அழுது ஜெபித்தார்கள். தங்கள் குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். பிறகு கும்பல் கும்பலாகக் கிராமங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நெல்லைச் சீமை டோனாவூரிலும் இப்படி ஒரு எழுப்புதல் ஏற்பட்டது.

அழுகையும் கூச்சலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. ரமாபாய் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் தம் வேலையைப் பார்த்தார். வயதான காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமத்துப் பெண்ணுக்குப் புரிகிற மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். அச்சுக் கோர்த்ததும் அச்சடித்ததும் அவர் வளர்த்த பெண்கள்தான்.

1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். தமக்குப் பின் முக்தியை நடத்துவாள் என்று தாய் நம்பியிருந்த மகள். ரமாபாய் மொழிபெயர்ப்பு வேலையை நிறுத்தவில்லை. கடைசி நாட்கள் வரை அந்தத் தாள்களோடுதான் இருந்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி கேட்காவில் காலமானார். முழு பைபிளும் 1924-ல் வெளிவந்தது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் நடந்து வருகிறது.