இரண்டு குதிரை கட்டிய வீடு

அந்தக் காலத்தில் குதிரை கட்டிய வீடு என்றால் பணக்கார வீடு என்று பொருள். ஒரு குதிரைக்குத் தீனி போடுவதே பெரும்பாடு. ஆனால் சங்கீதமே சொத்தாக இருந்த ஒரு வீட்டில் இரண்டு குதிரைகள் இருந்தன. இரண்டும் கொள்ளு தின்னாதவை. புல் கேட்காதவை. ஓர் அடிகூட ஓடாதவை. ஆனாலும் அவற்றின் புகழ் நாடெங்கும் ஓடியது.

வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு கட்டைக்குக் குதிரை என்று பெயர். பிடிலிலும் அப்படி ஒன்று உண்டு. வீணைக் குதிரை அண்ணனுடையது. பிடில் குதிரை தம்பியுடையது. அண்ணன், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். தம்பி, பாலுசாமி தீட்சிதர்.

திருவாரூர்ப் பிள்ளை

முத்துசாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டு பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரத்தில் திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவரே. வைத்தீசுவரன் கோவில் முத்துக்குமாரசாமியை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால், மகனுக்கு முத்துசாமி என்று பெயரிட்டார்.

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வர் இருந்தார். அவர் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டார். அங்கேதான் பிள்ளைகள் காதில் ஒரு புதிய சங்கீதம் விழுந்தது.

கோட்டை வாத்தியம்

சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் முழங்கும். முதலியார் வீட்டார் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனார்கள். பாலுசாமிக்குப் பிடில் மீது ஆசை பிறந்தது. ஓர் ஐரோப்பிய வாத்தியாரிடம் சில ஆண்டுகள் அதைக் கற்றார். பிறகு நம் ராகங்களை அதில் வாசிக்கத் தொடங்கினார். கர்நாடக சங்கீதத்தில் பிடில் நுழைந்த கதை இதுதான்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் அமைத்தார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டுக்கூட அவர் கையில் அம்பாளைப் போற்றும் பாட்டாக மாறியது. இவற்றை நோட்டுஸ்வரப் பாடல்கள் என்பார்கள்.

கங்கையில் கிடைத்த வீணை

சிதம்பரநாத யோகி என்ற மகான் மணலிக்கு வந்தார். முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துப் போனார். பல ஆண்டுகள் அங்கே குருவுக்குப் பணிவிடை செய்து முத்துசாமி சாஸ்திரங்களைக் கற்றார். வடநாட்டுச் சங்கீதத்தையும் கேட்டார். கடைசியில் குருவின் சொற்படி கங்கையில் இறங்கியபோது, ஒரு வீணை அவர் கைக்கு வந்தது என்று சொல்வார்கள்.

தணிகை மலையில்

ஊர் திரும்பிய தீட்சிதர் திருத்தணி முருகனைத் தரிசிக்கப் போனார். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழர் ராஜ்யத்தோடு சேர்ந்த அதே எல்லை ஊர்தான். ஆண்டின் நாட்களை நினைவூட்டும் 365 படிகள் கொண்ட மலை அது.

அங்கே அவர் தியானத்தில் இருந்தார். ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டை வைத்துவிட்டு மறைந்தார். வந்தவர் முருகனே என்பது அடியார்களின் நம்பிக்கை. உடனே தீட்சிதர் வாயிலிருந்து முதல் கீர்த்தனை பிறந்தது. அது மாயாமாளவகௌளை ராகம். இன்றும் பிள்ளைகள் சரளி வரிசை படிக்கும் முதல் ராகம் அதுதான். அன்று முதல் தம் பாடல்களில் குருகுஹ என்ற முருகன் பெயரையே முத்திரையாக வைத்தார்.

பின்னர் காஞ்சி, திருவண்ணாமலை, சிதம்பரம் என்று தலம் தலமாகச் சென்று பாடினார். திருவாரூரில் கமலாம்பாள் மீது நவாவர்ணக் கீர்த்தனைகளைப் பாடினார்.

குதிரையின் வேலை

தீட்சிதர் பாடல்கள் நிதானமாக நடப்பவை. யானை அசைந்து வருவது போல் இருக்கும். அதில் வீணையின் சாயல் தெரியும் என்று வித்வான்கள் சொல்வார்கள்.

வீணையில் தந்திகள் ஏழு. வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. மரக் குதிரையின் தலையில் உலோகத் தகடு ஒன்று பதித்திருக்கும். அது சற்றே வளைந்திருக்கும். தந்தி அதன் மேல் உராய்ந்து அதிர்வதால், ஒரு முறை மீட்டினாலும் நாதம் நெடுநேரம் நிற்கும். அந்த நாதம் அடங்குவதற்குள் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் காட்டலாம். தகட்டின் வளைவு கெட்டால் நாதமும் கெடும்.

பிடில் குதிரை வேறு ஜாதி. மெல்லிய மரம். இரண்டு கால். ஆணி கிடையாது; பசை கிடையாது. தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்கும். அதன் தலை வில் போல் வளைந்திருப்பதால், ஒவ்வொரு தந்தியையும் தனியே வில் தொட முடிகிறது. வில் ஓடும்வரை ஓசை ஓடும். பாடுகிறவர் குரலோடு கூடவே போகும். நம்மவர்கள் அந்தக் குதிரையை மாற்றவில்லை. தரையில் அமர்ந்து, நம் சுருதிக்குத் தந்தி சேர்த்து, நம் கமகத்தை அதற்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

தம்பியைத் தேடி

சகோதரர்கள் மூவர். நடுவர் சின்னசாமியும் பாலுசாமியும் சேர்ந்து பாடி வந்தார்கள். மதுரைப் பக்கம் போன இடத்தில் சின்னசாமி இறந்தார். பாலுசாமி எங்கே போனார் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. வயதான காலத்தில் தம்பியைத் தேடிப் புறப்பட்டார். எட்டயபுரம் அரண்மனையில் பாலுசாமி ஆஸ்தான வித்வானாக இருக்கிறார் என்று அறிந்து அங்கே போய்ச் சேர்ந்தார். பிரிந்த இருவரும் கூடினார்கள். வீணையும் பிடிலும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில், சீடர்கள் பாட, தீட்சிதர் அந்த ஊரிலேயே காலமானார். அவர் சமாதியும் எட்டயபுரத்தில்தான் உள்ளது. பாலுசாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட பெரிய நூலால், பெரியவரின் பாடல்கள் ஸ்வரத்தோடு நமக்குக் கிடைத்தன.

இன்று பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளும் பழைய குதிரையைக் கழற்றிப் புதுக் குதிரை மாட்டிப் பார்க்கிறார்கள். பித்தளை உசத்தியா, எஃகு உசத்தியா என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு வாதாடுகிறார்கள். நல்ல ஆசைதான். குதிரை நன்றாக இருக்க வேண்டும். ஆனால் தீட்சிதர் வீட்டுக் குதிரைகளில் ஒன்று சொந்த ஊர்க் குதிரை. ஒன்று சீமைக் குதிரை. ஏறியவர்கள் அண்ணனும் தம்பியும். இரண்டும் போய்ச் சேர்ந்த ஊர் ஒன்றே.