அண்ணனின் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர்

என் அண்ணன் படிவம் மூன்றில் படித்தபோது அவரது கையெழுத்து கோணத் தொடங்கியது. பிறகு கை நடுங்கியது, பேச்சும் குழறியது. ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். பள்ளியில் சோம்பல் என்றார்கள். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினார்.

கடைசியில் மலாக்கா பட்டணத்து மருத்துவர் ஒருவர் அண்ணனின் கண்ணை விளக்கொளியில் சோதித்தார். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிற வளையம் தெரிந்தது. ஒருநாள் சிறுநீர் முழுவதையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். அதில் செம்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. வில்சன் நோய் என்றார்கள். யார் அந்த வில்சன் என்று நான் தேடிப் படித்தது அப்போதுதான்.

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1878 டிசம்பர் 6இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு சமய போதகரின் மகனாகப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயே படித்து 1902இல் மருத்துவரானார். பாரிசில் மேலும் பயின்றுவிட்டு, 1904இல் லண்டன் குவீன் ஸ்குவேரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கே இளம் நோயாளிகள் சிலர் அவர் கருத்தைக் கவர்ந்தனர். கைகால் நடுங்கும், உடல் விறைக்கும், பேசவும் விழுங்கவும் முடியாது. அவர்கள் இறந்தபின் உடலைச் சோதித்தபோது மூளையின் உட்பகுதி சிதைந்திருந்தது. கல்லீரலும் கெட்டுச் சுருங்கியிருந்தது. இரண்டும் ஒரே நோயின் வேலை என்று வில்சன் எடுத்துக்காட்டினார். 1911இல் எழுதிய ஆய்வேடு எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் பெற்றது. மறுஆண்டு அது அச்சில் வந்தபோது அவருக்கு வயது 33.

ஏதோ ஒரு நஞ்சு மூளையைத் தாக்குகிறது என்று அவர் கருதினார். அது என்னவென்று அறியாமலேயே 1937 மே 12இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் கண்ட நோயாளிகளுக்கு அன்று மருந்தும் இல்லை.

விடை 1948இல் வந்தது. இந்நோயாளிகளின் மூளையிலும் கல்லீரலிலும் செம்பு மிகுந்திருப்பதைக் கமிங்ஸ் என்ற லண்டன் ஆய்வாளர் காட்டினார். பென்சிலின் கொடுக்கப்பட்டவர்களின் சிறுநீரில் வரும் பென்சிலமின் என்ற பொருள் செம்பைப் பற்றி வெளியேற்றும் என்று ஜான் வால்ஷ் கண்டறிந்து 1956இல் மருந்தாக அறிமுகப்படுத்தினார். நோயைக் காட்டித் தரும் சிறுநீரே மருந்துக்கும் வழிகாட்டியது!

நாம் உண்ணும் உணவில் சிறிது செம்பு உண்டு. மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றும். வில்சன் நோயில் அந்த வேலை நடப்பதில்லை. செம்பு உடலில் தேங்கி, ஒரு பகுதி சிறுநீரில் இறங்குகிறது. நலமாக இருப்பவரின் ஒருநாள் சிறுநீரில் பொதுவாக 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே செம்பு இருக்கும். சிகிச்சை பெறாத நோயாளிக்குப் பெரும்பாலும் 100ஐத் தாண்டும். இரத்தச் சோதனையையும் கண் சோதனையையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

காலையில் முதலில் போவதைக் கழித்துவிட்டு, அதன்பின் 24 மணி நேரம் போவது அனைத்தையும் மருத்துவமனை தரும் கலனில் சேர்க்க வேண்டும். ஒருவேளை தவறினாலும் கணக்குப் பிசகிவிடும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். நோயாளியின் உடன்பிறப்பு ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் நானும் அந்தக் கலனைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போனேன். எனக்கு நோய் இல்லை.

அண்ணன் இன்றும் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார். அலோர் காஜாவில் வேலை செய்கிறார். கடைக் கணக்கைத் தம் கையாலேயே எழுதுகிறார். மாணவர்களே, உங்கள் நண்பனின் கையெழுத்து திடீரென்று கோணினால் கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி அவன் வீட்டாரிடம் சொல்லுங்கள்.