சுவரொட்டியிலிருந்து காவியத்திற்கு

பிழைப்பிற்காகத் தீட்டும் ஓவியம் வேறு. உள்ளத்தின் வேட்கை தணியத் தீட்டும் ஓவியம் வேறு. முன்னதில் பெரும்புகழ் ஈட்டிய பின்னரும் அதனைத் துறந்து பின்னதை நாடிச் சென்றவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் செக் நாட்டு ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா.

1860-ஆம் ஆண்டு மொராவியாவின் இவான்சிட்சே என்னும் சிற்றூரில், நீதிமன்ற ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் மூகா. வியன்னாவில் நாடகத் திரைச்சீலை தீட்டும் நிறுவனத்தில் பணியாற்றினார். 1881-இல் அங்குள்ள ரிங் நாடக அரங்கு தீக்கிரையாகவே, அவர் வேலையும் பறிபோயிற்று. பின்னர்ப் பிரபு ஒருவரின் ஆதரவால் மியூனிக்கிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றார். அவ்வுதவி நின்றதும், நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து காலம் தள்ளினார்.

1894-இன் இறுதியில் நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டின் 'கிஸ்மோண்டா' நாடகத்திற்கு அவர் வரைந்த சுவரொட்டி, அவர்தம் வாழ்வையே மாற்றியது. அந்நடிகையுடன் ஆறாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. பிஸ்கட், மிதிவண்டி, சிகரெட் தாள் என வணிகர் விற்ற பொருள்கள் பலவும் அவருடைய ஓவியத்தால் அழகு பெற்றன.

ஆயினும் அவருள்ளம் நிறைவடையவில்லை. 1899-இல், கிறித்தவர் ஓதும் பரமண்டல ஜெபத்தை அடியடியாகத் தம் கற்பனைக்கேற்ப ஓவியமாக்கி நூலாக வெளியிட்டார். 1900-ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் போஸ்னியா அரங்கிற்கு ஓவியம் தீட்டும் பொருட்டுப் பால்கன் நாடுகளில் பயணம் செய்தார். ஸ்லாவிய மக்களின் வரலாற்றைப் பெருங்காவியமாகத் தீட்டவேண்டும் என்னும் எண்ணம் அப்பணியின்போதே அவருள் வேரூன்றியது.

அமெரிக்கச் செல்வர் சார்லஸ் கிரேன் பொருளுதவி புரிய முன்வரவே, 1910-இல், ஐம்பதாம் வயதில், தாயகம் திரும்பினார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் உழைத்து 'ஸ்லாவியக் காவியம்' என்னும் 20 ஓவியங்களைப் படைத்தார். அவற்றுள் பெரியன ஏறத்தாழ 6 மீட்டருக்கு 8 மீட்டர் அளவின. தனிக் கட்டடம் ஒன்று எழுப்பி அவற்றைக் காக்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் 1928-இல் பிராகா நகருக்கு அவற்றை வழங்கினார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. புதுமை நாடிய விமர்சகர்கள் அவற்றைப் பழம்பாணி என ஒதுக்கினர். அவர் வேண்டிய கட்டடமும் அவர் வாழ்நாளில் எழவில்லை. 1939-இல் நாட்டைக் கைப்பற்றிய நாஜிகள் முதியவரான அவரைப் பிடித்து விசாரித்தனர். அவ்வாண்டு ஜூலை 14-இல் அவர் மறைந்தார். போர்க்காலத்தில் மறைத்து வைக்கப்பட்ட அவ்வோவியங்கள், 1963 முதல் மொராவ்ஸ்கி குரும்லோவ் ஊரின் மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

மூகாவின் சுவரொட்டிகளை உலகம் இன்றும் போற்றுகிறது. அவரோ தம் காவியத்தையே பெரிதாக மதித்தார். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்னும் தீர்ப்பு ஈண்டு நம் நோக்கமன்று. கைதட்டல் கிடைத்த இடத்திலேயே தங்கிவிடாது, தம் மனச்சான்று காட்டிய வழியில் நடந்த துணிவே நம் மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.