சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

பட்டம் பெறுதல் ஒரு காரியம். பெற்ற பட்டத்தைப் பிறர்க்குப் பயன்படச் செய்தல் வேறொரு காரியம். பின்னதை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இடையறாது செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். அவரது சரிதத்தை, சிறப்பாகப் பட்டம் பெற்ற பின் அவர் வாழ்ந்த வாழ்வை, இம்மலர் வாயிலாக நம் வாலிபர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். தாயார் விசாலாட்சி அம்மாள். அக்கால வழக்கப்படி பால்ய வயதிலேயே மணம் முடித்தனர். சிறிது காலத்திலேயே கணவர் காலமானார். இல்வாழ்க்கை இன்னதென்று அறியுமுன்னே அக்குழந்தை விதவையாயிற்று. ஆயினும், தந்தையார் மகளை வீட்டு மூலையில் இருத்தி வைக்க மனங்கொள்ளவில்லை, கல்வியில் ஈடுபடுத்தினார். இளமையிலேயே கைம்மை எய்திய சித்தி வாலாம்பாள் அம்மாளும் உறுதுணையாக நின்றார். விதவைப் பெண் கல்லூரிக்குச் செல்வதா என்று தெருவில் ஏசினர் சிலர். சாதியிலிருந்து விலக்குவோம் என்று மிரட்டினர் வேறு சிலர். அனைத்தையும் பொறுத்துக்கொண்டு, பிரசிடென்ஸி கல்லூரியில் பயின்று, 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண்மணி அவரே.

இனிமேல்தான் அவரது மெய்யான சரித்திரம் தொடங்குகிறது. தம்மைப் போன்ற இளம் விதவைகள் ஆயிரமாயிரம் பேர் அடுப்படியில் அடைபட்டுக் கிடக்க, தாம் மட்டும் கரையேறிவிட்டதில் அம்மையாருக்கு நிறைவு உண்டாகவில்லை. பட்டம் பெற்ற சூட்டோடு, விரல்விட்டு எண்ணத்தக்க சில இளம் விதவைகளைத் தம் குடும்பத்தாரோடு வைத்துப் பாடஞ்சொல்லத் தொடங்கினார். 1912இல் சாரதா மாதர் சங்கம் தோன்றியது. விதவையர் இல்லமும் வளர்ந்தது. பெண் கல்வி அதிகாரியாயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது பேருதவி புரிந்தார்.

இல்லம் பெருகவே, திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகை அதற்கு இருப்பிடமாயிற்று. இம்மாளிகையை நம் நாட்டு இந்துக்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, கண்டி வழியாக யாழ்ப்பாணம் சென்று, பின் சென்னையை அடைந்த சுவாமி விவேகானந்தர் தங்கிய இடம் அதுவே. பெண்களின் உயர்வின்றி நாட்டுக்கு உயர்வில்லை என்று போதித்த அம்மகானின் பாதம் பட்ட வீட்டில், சமூகம் ஒதுக்கிய சிறுமியர் ஏடெடுத்துப் படித்தனர் என்பது நினைக்குந்தோறும் உவகை தருவதாகும்.

அம்மையார்மீது குறை கூறினோரும் உண்டு. ஆரம்பத்தில் அவ்வில்லம் பிராமண விதவைகளுக்கே உரியதாயிருந்தது. ஆசாரங்களும் கண்டிப்பாக அனுசரிக்கப்பட்டன. இது குறுகிய நோக்கம் என்றனர் சீர்திருத்தக்காரர். வைதிகரோ, விதவைக்குப் படிப்பு எதற்கு என்றனர். இரு பக்கத்து ஏச்சையும் அவர் தாங்கினார். ஆசாரத்தை அடியோடு விலக்கினால் எந்தத் தாய்தந்தையரும் தம் மகளை அனுப்பார் என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்கு எல்லைக்குட்பட்ட சேவை என்ற விலையையும் கொடுத்தார். பிற்காலத்தில் அவ்வெல்லை விரிந்தது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவி அவரே. அங்கே பல மதத்தாரும் ஆசிரியராயினர். 1927இல் சாரதா வித்தியாலயம் எழுந்தது. 1938இல் அதனை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் ஒப்புவித்தார். தாம் வளர்த்ததைத் தமதென்று பற்றிக்கொள்ளாத இக்குணம், சங்கம் நடத்துவோர் யாவர்க்கும் பாடமாகும்.

அரசாங்க ஊழியராயிருந்தமையால் மாதர் இயக்கங்களில் வெளிப்படையாகச் சேர இயலவில்லை. எனினும், பால்ய விவாகத்தைப் பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியமளித்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என விவாக வயதை வரையறுத்த சட்டம் 1929இல் நிறைவேறி, 1930இல் அமலுக்கு வந்தது. பிள்ளைப் பருவத்தில் தமக்கு நேர்ந்த துயர் இன்னொரு பிள்ளைக்கு நேராதிருக்கச் சட்டம் பிறந்ததைத் தம் கண்ணாலேயே கண்டார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். 1942இல் வயதுவந்த மாதர் கல்வி பயில ஸ்ரீவித்யா கலாநிலையம் கண்டார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் அங்கம் வகித்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலநிலையம் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டை எட்டியிருந்தது. அவர் தலைமை வகித்த மயிலாப்பூர் மாதர் சங்கம் 1956இல் கண்ட பள்ளியே இன்றைய வித்யா மந்திர். 1958இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 1969 டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இச்சரிதம் மலைநாட்டு மக்களாகிய நமக்கு என்ன சொல்கிறது? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள என்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பின் கொழுந்துக் கூடையைத் தோளேற்றிய பெண்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! இன்று நம் பெண்கள் ஆசிரியைகளாகவும் பட்டதாரிகளாகவும் விளங்குவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இடைநடுவில் படிப்பை விட்டவரை மீண்டும் அழைக்க நாம் என்ன செய்தோம்? கணவனை இழந்த தாய், தான் பெற்ற மகளின் கலியாணப் பந்தலில் பின்னால் ஒதுங்கி நிற்பதை இன்னும் நாம் கண்டும் காணாதிருக்கின்றோமே! கோயில் திருப்பணிக்குத் தோள்கொடுக்கும் வாலிபரே, இதுவும் திருப்பணிதான். பெரியோர்களே, அத்தாய் முன்வந்து மகளுக்கு அட்சதை தூவ நீங்களே வழிவிடுங்கள். படித்தவர் வாரம் ஒரு மாலை, படிக்காத ஒருவருக்கு எழுத்தறிவிக்கட்டும். அம்மையாரும் ஒரு வீட்டில், ஒருசில பேரோடுதான் தொடங்கினார்.