சென்னையின் முதல் மேயர்... சேலத்தில் ‘சூனியக்காரி’ என்று கைதான சகோதரி! யார் இந்த நத்தானியேல் ஹிக்கின்சன்?

‘தி க்ரூசிபிள்’ படம் பார்த்திருக்கீங்களா? ஆர்தர் மில்லர் 1953-ல் எழுதிய நாடகம், 1996-ல் டேனியல் டே லூயிஸ் நடிப்பில் சினிமாவானது. கதை நடப்பது சேலத்தில். நம்ம மாம்பழச் சேலம் இல்லைங்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம்.

படத்தில் வரும் காதல் விவகாரம் மில்லரின் கற்பனை. 1692-ல் நடந்த விசாரணைகள் நிஜம். 150 பேருக்கு மேல் சூனியக் குற்றச்சாட்டில் சிக்கினார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவரைப் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கியே கொன்றார்கள்.

அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹிக்கின்சனின் மகன்தான் நத்தானியேல். 1652-ல் கனெக்டிகட்டின் கில்ஃபோர்டில் பிறந்து, 1670-ல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர். 1674-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிறகு கிழக்கிந்திய கம்பெனி வேலை, அப்படியே புனித ஜார்ஜ் கோட்டை. 1688 செப்டம்பர் 29-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் நாற்காலி இவருக்குத்தான். சில மாதங்கள்தான் உட்கார்ந்தார் என்பது வேறு விஷயம்.

1692 ஜூனில் அங்கே சேலத்தில் அவருடைய சகோதரி ஆன் டோலிவரைப் பிடிக்க வாரன்ட் போட்டார்கள். கணவன் கைவிட்டுப் போனதால் அப்பா வீட்டில் இருந்த பெண். மனம் சரியில்லாதவர் என்பது அப்பாவுக்கே தெரியும். விசாரணையில், தனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாகப் பயந்து, பல வருடங்களுக்கு முன் மெழுகுப் பொம்மை செய்ததை ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் அவர் மேல் இருந்த ‘ஆதாரம்’!

கழுகுமலைப் பக்கம் வளர்ந்த எனக்கு இந்தப் பொம்மைக் கதை புதுசே இல்லை. யார் வீட்டு மாடு பால் மறத்தாலும் எங்க ஆச்சி காலத்தில் செய்வினைப் பேச்சு வந்துடும். பழி விழுவது பெரும்பாலும் துணையில்லாத பொம்பளை மேலதான்.

இதில் இன்னொரு கொடுமை, நத்தானியேலின் அண்ணன் ஜான் அதே சேலத்தில் மாஜிஸ்ட்ரேட். 1692-ல் மற்றவர்கள் மீதான சூனிய விசாரணைகளில் அவரும் உட்கார்ந்தார். நல்லவேளை, ஆன் தூக்குமேடைக்குப் போகவில்லை.

அந்த அக்டோபர் 23-ல் எலிஹு யேலுக்குப் பதிலாக நத்தானியேல் மெட்ராஸ் கவர்னர் ஆனார். (ஆமாம், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான்.) ஆறே நாளில், அக்டோபர் 29-ல், சேலத்தின் சிறப்பு நீதிமன்றம் கலைக்கப்பட்டது. கடிதம் கப்பலில் வந்த காலம். வீட்டில் நடந்தது அவர் காதுக்கு எட்ட மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

கவர்னராக அவர் பெயர் நிற்பது 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கம்பெனி கைக்கு வந்ததால். செஞ்சியை முகலாயப் படை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தளபதிகளோடு பேரம் பேசி, ஊரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1698-ல் தாமஸ் பிட்டிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு லண்டன் திரும்பினார்.

1708 அக்டோபரில் பெரியம்மை கண்டு அங்கேயே இறந்தார். அதே டிசம்பரில், 92 வயதில், சேலத்தில் அவருடைய அப்பாவும் கண்மூடினார்.