வீட்டில் பிறந்த சாயம்

உங்கள் தாத்தாவோ, பாட்டியோ, கிண்ணத்தில் தலைச்சாயம் குழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒருவர் கதை இருக்கிறது.

அவர் பெயர் யூஜின் ஷூலேர். பிரான்சின் பாரிஸ் நகரில், 1881ல் பிறந்தார். ரொட்டி, கேக் விற்ற குடும்பம். படித்தது வேதியியல்.

அக்காலச் சாயங்கள் பலவற்றில் ஈயம், வெள்ளி உப்புகள் இருந்தன. நிறமும் இயல்பாக இராது. நல்ல சாயம் வேண்டும் என்று, முடிதிருத்துபவர் ஒருவர் கேட்க, ஷூலேர் ஆராய்ச்சியில் இறங்கினார். இரண்டு அறை வீடு. அது தான் ஆய்வுக்கூடம். இரவில் சாயம் கலந்து, பகலில் முடிதிருத்தகங்களுக்குச் சென்று விற்றார். 1907ல் அவரது சாயம் தயாரானது. 1909ல் நிறுவனம் துவங்கி, அதன் பெயரிலேயே, 'தீங்கற்ற சாயம்' என்ற பொருளைச் சேர்த்தார். அது தான் இன்றைய லோரியல்!

கெட்டிக்காரர் தான். ஆனால், 1930களில் வன்முறைக் கும்பல் ஒன்றுக்குப் பண உதவி செய்தார்; அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. 1957ல் காலமானார்.

சாயம் முழுக்கத் தீங்கற்றதாகி விட்டதா? இல்லை. இன்றும் பலவற்றில், பி.பி.டி., என்ற ரசாயனம் உண்டு; சிலருக்கு அரிப்பு, முகவீக்கம் வரும். 'அம்மோனியா இல்லை' என்று அச்சிட்ட பெட்டியிலும், 'கறுப்பு மருதாணி' பொட்டலத்திலும் கூட அது இருக்கலாம். கடையில் தாத்தாவுக்குப் பெட்டியைப் படித்துக் காட்டுங்கள். பூசுவதற்கு, 48 மணி நேரம் முன், காதின் பின்புறம் ஒரு துளி தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அரித்தால், அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம்!