நாணயத்தில் நாணயம் காத்த ஷேர்ஷா

நாம் கடைக்குக் கொண்டுபோகும் காசில் ரூபாய் என்று பொறித்திருக்கிறது. அந்தப் பெயரை ஒரு வெள்ளிக் காசுக்குச் சூட்டி நிலைபெறச் செய்தவர், ஐந்தே ஆண்டுகள் டில்லியை ஆண்ட ஷேர்ஷா சூரி. பாடப்புத்தகங்களில் அவர் ஹுமாயூனைத் துரத்தியவராகவும் நெடுஞ்சாலை அமைத்தவராகவும் வந்து போகிறார். காசுக்கு அவர் செய்ததைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

அவரது இயற்பெயர் பரீத். ஆப்கானியக் குடும்பம். தந்தை ஹஸன் கான், இன்றைய பீஹாரிலுள்ள ஸஸராமில் ஜாகீர்தாராக இருந்தார். மாற்றாந்தாயால் வீட்டில் பிணக்கு ஏற்படவே, பரீத் ஜவுன்பூருக்குச் சென்று அரபும் பாரசீகமும் கற்றார். பின்னர் தந்தையின் நிலங்களை நிர்வகிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இடைத்தரகர்கள் விவசாயியை எப்படிச் சுரண்டுகிறார்கள் என்பதை அங்குதான் கண்டார். நிலத்தை அளந்து, வரியை நிர்ணயித்து, எழுத்தில் கொடுத்தார். புலியொன்றைக் கொன்றதால் ஷேர் கான் என்ற பட்டம் கிடைத்தது. 1539இல் சௌஸாவிலும் 1540இல் கன்னௌஜிலும் ஹுமாயூனைத் தோற்கடித்து அரசரானார்.

அவர் கைக்கு வந்த நாட்டில் காசு கெட்டுப்போயிருந்தது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன், முஹம்மத் பின் துக்ளக் செம்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டு, அவற்றை வெள்ளிக் காசின் மதிப்புக்கு ஏற்கும்படி ஆணையிட்டிருந்தார். மக்கள் வீடுகளிலேயே போலிக் காசு செய்யத் தொடங்கவே, அவற்றைத் திரும்பப் பெற்று கருவூலத்திலிருந்து நல்ல காசு கொடுக்க வேண்டியதாயிற்று. பின்வந்த சுல்தான்களின் காலத்தில் வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள் பெருகின. கலவையில் வெள்ளி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அது தெரிந்தவர் காசு மாற்றும் வியாபாரி. தெரியாத விவசாயிக்கே நட்டம்.

ஷேர்ஷா இந்தக் கலவைக் காசை ஒழித்தார். தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காசுகள் வந்தன. வெள்ளி ரூபாயின் எடை சுமார் 178 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.5 கிராம். கலிமாவும் நான்கு கலீபாக்களின் பெயர்களும் பொறித்த அந்தக் காசுகள் சிலவற்றில் அரசரின் பெயர் நாகரி எழுத்திலும் இருந்தது. பல ஊர்களில் அச்சடித்தாலும் எடையும் தரமும் ஒன்றே. சாலையோரம் கிணறும் சத்திரமும் அமைத்து வணிகர்களுக்குப் பாதுகாப்பளித்த அவர், அவர்கள் மடியிலிருந்த காசுக்கும் பாதுகாப்பளித்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். 1543இல் ராய்சேன் கோட்டையில் சரணடைந்தவர்களுக்குக் கொடுத்த உயிர்ப் பாதுகாப்பு வாக்கு மீறப்பட்டது அவர் பெயருக்குப் பெரும் களங்கம். 1545இல் காலிஞ்சர் முற்றுகையின்போது வெடிமருந்து வெடித்துத் தீக்காயத்தால் இறந்தார். ஸஸராமில் ஏரி நடுவே அவரது அடக்கத்தலம் இருக்கிறது.

அவரது வம்சம் விரைவில் மறைந்தது, காசு மறையவில்லை. அக்பர் அதைத் தொடர்ந்தார். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாயை வெளியிட்டது. 1872இல் ரூபாயும் சதமும் இலங்கையின் நாணயமாயின. பெயர் இங்கு வந்து சேர்ந்தது; வெள்ளி காலப்போக்கில் கழன்றுபோனது.

அதன் விளைவை நம் மலையகம் அறியும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021இல். ஒரு டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 5 டொலர். 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, அதே சம்பளம் 3 டொலருக்கும் குறைந்தது. சம்பளத்தில் யாரும் ஒரு சதம் வெட்டவில்லை. ஆனால் மாவும் பருப்பும் வாங்கும்போது வெட்டு தெரிந்தது. கலவைக் காசின் காலத்தைப் போலவே சுமை எளியவர் தலையில்தான் விழுந்தது.

ஸகாத்தின் கணக்கையும் பாருங்கள். வெள்ளியின் நிஸாப் 52½ தோலா என்பது இந்தியத் துணைக்கண்டத்து வழக்கம். ஷேர்ஷாவின் ரூபாய் ஏறத்தாழ ஒரு தோலா. ஆக, அன்று 53 ரூபாய் அளவு சேமித்தவர் ஸகாத் கொடுப்பவர். இன்று 53 ரூபாய் மட்டும் வைத்திருப்பவர் ஸகாத் வாங்குபவர்.

சீட்டுப் பணம் கிடைத்ததும் ஒரு ஜோடி தோடு வாங்கி வைக்கும் நம் பெண்களைப் பழைமைவாதிகள் என்று சிரிப்பவர்கள் உண்டு. 2022இல் வங்கிப் புத்தகத்தில் கிடந்த பணம் கரைந்தபோது தோட்டின் ரூபாய் விலை ஏறியது. எனினும் செய்கூலியும் சேதாரமும் போகும்; அவசரத்துக்கு வட்டிக்கு அடகு வைத்தால் அந்த நன்மையும் போய்விடும். தேவைப்பட்டால் விற்றுவிடுவதே மேல்.

வெள்ளிக் காசு இனித் திரும்பப்போவதில்லை. ஆனால் காசு வெளியிடுபவரின் கடமை மாறவில்லை. அல்முதப்பிபீன் அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கண்டிக்கிறது. கடைத் தராசை மட்டும் நினைத்து அதை ஓதுகிறோம். காசும் ஓர் அளவைதான். அதைக் குறைத்தவர்கள் யார், எதனால் குறைந்தது என்று கேட்கும் உரிமை அன்றாடம் உழைத்து உண்பவனுக்கு இருக்கிறது.